காம்பராவை விட்டுப் போகாத குற்றம்

முதலில் சொல்லைச் சரிபார்த்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் 'அராஜகம்' என்ற சொல்லை அதிகமாகப் பார்க்கிற இடம் தொழிற்சங்க நோட்டீஸ். 'துரையின் அராஜகம் ஒழிக', 'பொலிஸ் அராஜகம் ஒழிக'. பஸ்ஸுக்கு யாராவது கல்லடித்தாலும் பத்திரிகையில் அதே சொல்தான். பிரித்துப் பார்த்தால் ராஜா இல்லாத நிலை என்று அர்த்தம். தோட்டத்தில் ராஜா இல்லாத நிலை எப்ப இருந்திச்சு? பெரிய துரை, சின்னத் துரை, கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று ஒரு மலைக்கு ஐந்து ராஜாக்கள். இவர்கள் நடத்தியது அராஜகம் என்றால் ராஜாங்கம் என்பது எதுவாம்?

இந்தக் குழப்பத்துக்காகவே இங்கே அரசின்மைவாதம் என்று எழுதுகிறோம். கண்ணாடி உடைப்பது பற்றிய கட்டுரை இல்லை இது. ஒருவர் இன்னொருவர் மேல் அதிகாரம் செலுத்தினால், அதற்கு அவருக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்பதும், நியாயம் சொல்ல முடியாவிட்டால் அந்த அதிகாரத்தைக் கலைப்பதும்தான் அந்தச் சிந்தனையின் சாரம். துரை ஆனாலும் சரி, தலைவர் ஆனாலும் சரி, அரசு ஆனாலும் சரி.

இப்படி ஒன்று எழுதப்போகிறோம் என்றதும் முதல் எதிர்ப்பு எங்கள் வீடுகளிலிருந்துதான் வந்தது. "நாடே இல்லாம கெடந்தவங்க நாம. ஐ.சி. ஒண்ணு கையில வர ஒங்க தாத்தா எத்தன ஒபிஸ் ஏறி எறங்குனாரு தெரியுமா? ஒனக்கு இப்ப அரசே வேணாமாக்கும்?" இதைவிட நல்ல கேள்வியை எந்த விரிவுரையாளரும் எங்களிடம் கேட்டதில்லை. நாடற்றவர்களின் பேரப்பிள்ளைகள் அரசை எதிர்த்துப் பேசலாமா? இரத்தினபுரியிலும் கேகாலையிலும் லயத்தில் பிறந்து கலைப்பீடத்துக்கு வந்து சேர்ந்த நாங்கள் நாலைந்து பேர் ஒரு தவணை முழுக்க இந்தக் கேள்வியோடு சண்டை பிடித்தோம். பேசலாம் என்பது எங்கள் முடிவு. நாங்கள்தான் பேச வேண்டும் என்பதும்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். 1840-இல் பிரான்சில் புரூதோன் என்ற அச்சுத் தொழிலாளி, சொத்து என்றால் என்ன என்று கேட்டு ஒரு புத்தகம் போட்டார். தன்னை அரசின்மைவாதி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர். அதே 1840-இல் இலங்கையின் ஆங்கில அரசு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உறுதி காட்ட முடியாத காடு, தரிசு, சேனை நிலம் எல்லாம் முடிக்குரியது என்று அது தானாகவே அனுமானித்துக்கொண்டது. மலையோரத்துச் சிங்களக் கிராமத்தான் தலைமுறை தலைமுறையாகக் குரக்கன் விதைத்த மேட்டுக்கு உறுதிக்கு எங்கே போவான்? நிலம் முடிக்குப் போய், முடியிடமிருந்து தோட்டக்காரன் கைக்கு வந்தது. அதில் வேலை செய்ய எங்கள் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை. 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் தீராமல் துண்டு கிடைக்காது. அந்த முறை 1921 வரைக்கும் இருந்தது. அதாவது, எங்களுக்கு அரசு முதலில் அறிமுகமானதே 'போகாதே' என்று சொல்லித்தான். பிறகு ஒரு நாள் அதே அரசு 'போ' என்றது.

அந்தக் கதை நடந்தது கேகாலை மாவட்டத்தில். உந்துகொடைப் பக்கத்து நேவ்ஸ்மியர் தோட்டம். எங்கள் ஆட்கள் உருளவள்ளி என்று சொல்வார்கள். 1946-இல் அரசு அந்தத் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்காக எடுத்தது. விவசாய, காணி அமைச்சர் டி.எஸ். சேனநாயக்க. பக்கத்துக் கிராமங்களில் காணி இல்லாத சிங்களக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறோம் என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். 1840-இல் அரசு எடுத்த நிலத்தை 1946-இல் அரசு திருப்பிக் கொடுக்குது. ஆனால் இடையில் நூறு வருஷமாக அந்த மலையைத் தேயிலையாகவும் ரப்பராகவும் மாற்றியவர்கள் லயத்தில் இருந்தார்களே? அவர்களுக்கு ஒரு மாத நோட்டீஸ்.

அவர்கள் போகவில்லை. கத்தியை எடுக்கவில்லை, பங்களாவைக் கொளுத்தவில்லை. காம்பராவில் இருந்தார்கள், அவ்வளவுதான். அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் கோடியில் விளையாடின, பீலியில் தண்ணீர் பிடித்தார்கள். அரசு வழக்குப் போட்டது. குற்றவியல் அத்துமீறல். அதாவது, பிறந்த வீட்டுக்குள் அத்துமீறி இருந்த குற்றம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது, அது சுற்றுத் தோட்டங்களுக்கும் பரவியது. வழக்குகளில் ஒன்று லண்டன் வரை போனது. சின்னசாமி செல்வநாயகம் எதிர் முடி. சட்டபீடத்து நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். இந்தியாவிலும் மலேசியாவிலும் கூட அத்துமீறல் வழக்கென்றால் இதை எடுத்துக் காட்டுவார்கள். அந்தச் செல்வநாயகம் ஒரு தோட்டத் தொழிலாளி என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். (தந்தை செல்வா என்று நினைத்தவர்களை நாங்களே சந்தித்திருக்கிறோம்.) 1950-இல் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. நியாயம் மிகவும் எளிமையானது. இந்த மனிதர் அங்கே இருந்ததன் முதன்மையான நோக்கம் யாரையும் தொந்தரவு செய்வது இல்லை, தன் வீட்டில் தொடர்ந்து இருப்பதுதான். யாருக்காவது அது எரிச்சலாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் அது குற்றமாகாது.

இதைப் படித்து 'பார்த்தீர்களா, நீதி வென்றது' என்று கைதட்ட வேண்டாம். பொறுங்கள். அதே கேகாலை மாவட்டத்திலிருந்து அதே பிரிவி கவுன்சிலுக்கு இன்னொரு வழக்கும் போனது.

இடையில் சுதந்திரம் வந்துவிட்டது. 1948-இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949-இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே வருஷத் தேர்தல் திருத்தச் சட்டம். மூன்றும் சேர்ந்து முதலில் நாட்டையும் பிறகு வாக்கையும் எடுத்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள். 1952-இல் ஒருவரும் இல்லை. மூன்று சட்டங்களிலும் 'தமிழர்' என்ற சொல்லே கிடையாது. அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், பத்திரத்தைக் காட்டு. அவ்வளவுதான். 1840-இல் நிலத்துக்கு உறுதி கேட்ட அதே கேள்வி, இந்த முறை மனிதருக்கு. அன்று காட்ட முடியாமல் நின்றவன் சிங்களக் கிராமத்தான், இன்று நாங்கள்.

ருவன்வெல்லத் தேர்தல் தொகுதியில் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: இந்தச் சட்டங்கள் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மீறுகின்றன, செல்லாது என்று. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953-இல் பிரிவி கவுன்சில் உயர் நீதிமன்றம் சொன்னதே சரி என்றது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான வேலை என்பது அதன் சாரம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாவட்டம், ஒரே நீதிமன்றம், மூன்று வருஷ இடைவெளி. காம்பராவில் இருப்பது குற்றமில்லை. ஆனால் நீ இந்த நாட்டில் இருக்கிறாயா இல்லையா என்று சொல்லும் உரிமை உனக்கில்லை. முதல் வழக்கில் ஜெயித்தது நீதிமன்றத்தால் என்று நாங்கள் நினைக்கவில்லை. யாரும் காம்பராவை விட்டு இறங்கவில்லை, சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து எடுக்கப்படவில்லை, அதன் பிறகுதான் லண்டனில் ஏதோ ஒரு கனவான் நோக்கம் பற்றி யோசிக்க வேண்டி வந்தது. இரண்டாவது வழக்கில் நம்பிக்கை முழுவதும் சட்டத்தின் மேல் வைக்கப்பட்டது.

"அது யூ.என்.பி. செஞ்சது, இடதுசாரிங்க எதிர்த்தாங்களே" என்று சொல்வீர்கள். உண்மை. எதிர்த்தார்கள். அதனால்தான் என்.எம். பெரேராவின் கதை எங்களைத் தூங்கவிடவில்லை. 1934, 35-இல் மலேரியா கேகாலையைச் சுடுகாடாக்கியபோது அரசு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. மருந்தையும் பருப்பையும் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். என்.எம்.முக்குப் 'பருப்பு மாத்தயா' என்று பெயரே வைத்தார்கள் சனங்கள். அந்த அன்பில்தான் 1936-இல் ருவன்வெல்லவிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். 1948-இல் அவருடைய கட்சி பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. இனி 1964-க்கு வருவோம். ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசில் சேருகிறது, என்.எம். நிதி அமைச்சர். ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்ச ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். (பார்த்தார்கள். 1974-இல் ஆளுக்குப் பாதி.) ஒருவரிடமும் கேட்கவில்லை. கேகாலைச் சனங்களின் வாக்கில் போன பருப்பு மாத்தயா அந்த மந்திரிசபையில் இருந்தார்.

அவர் கெட்ட மனிதர் என்று நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் கதை சுலபமாகிவிடும்; நல்ல மனிதரை அனுப்பினால் சரியாகிவிடும் என்று ஆகிவிடும். அவர் நல்லவர் என்பதே எங்களுக்கு முக்கியம். பருப்பு கொடுத்த அதே கை, நாற்காலிக்குப் போன பிறகு மனிதரை எண்ணிக்கையாகப் பார்க்கும் ஒரு இயந்திரத்தின் மேல் இருந்தது. ஜேம்ஸ் ஸ்கொட் என்ற அமெரிக்க அறிஞர் (2024-இல் காலமானார்) அரசு எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றியே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அரசுக்கு மனிதர் தெரிய மாட்டார்கள், பட்டியல் தெரியும் என்பது அவர் வாதத்தை நாங்கள் புரிந்துகொண்ட விதம். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் நீ ஆள். கிலோ குறைந்தால் அரைப்பேர். பாதி மனிதர் என்று எழுதி வைக்கும் புத்தகம் வேறு எங்காவது இருக்கா?

சரி, நம்ம ஆளே மந்திரியானால்? 1978-இல் சௌமியமூர்த்தி தொண்டமான் ஜே.ஆர். மந்திரிசபையில் சேர்ந்தார். 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி, கஹவத்தை, பெல்மதுளை, இறக்குவானைப் பக்கத்து லயங்கள் எரிந்தபோது எங்கள் தலைவர் மந்திரிசபைக்குள்தான் இருந்தார். 1977-இலும் எரிந்தன, 1983-இலும் எரிந்தன. சப்ரகமுவத் தோட்டங்களின் நிலை நுவரெலியா மாதிரி இல்லை. அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் நம்ம ஆட்கள். இங்கே நாலு பக்கமும் கிராமம், நடுவில் ஒரு டிவிஷன். ஆளும் குறைவு, வாக்கும் குறைவு, ஆகவே மந்திரிமாருக்கு அக்கறையும் குறைவு. ஏ.ஜீ.ஏ. ஒபிஸில் சிங்களத்தில் எழுதிய படிவத்தை நிரப்ப இன்னும் யாரையாவது கூட்டிக்கொண்டு போகிற நிலை. ஆகவே அப்போது எங்கள் ஆட்கள் செய்தது நடப்பது. வவுனியாவுக்கு. அங்கே கட்டிடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராசசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. கிணறு, பாலர் பள்ளி, விதைநெல். யாருடைய உத்தரவும் இல்லாமல் ஒரு வாழ்க்கை தொடங்கியது. 1983-இல் அரசு அதையும் விட்டுவைக்கவில்லை. இருவரையும் பிடித்தது, இராசசுந்தரம் ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். பிறகு வன்னியில் இயக்கம் கட்டிய இன்னொரு அரசு வந்தது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் அந்த ஆட்சியிலும் சாகவில்லை என்பதை அங்கே வாழ்ந்த எங்கள் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள்.

ஆயுதம் தூக்கி அரசைப் பிடிப்பது பற்றியும் ஒரு வரி. 1971 ஏப்ரலில் இதே கேகாலையில்தான் ஜே.வி.பி. பொலிஸ் நிலையங்களைப் பிடித்து நாட்கணக்கில் வைத்திருந்தது. அந்தப் பையன்களின் துணிச்சலை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். அரசு அவர்களைக் கொன்ற விதத்தை மறக்கவும் மாட்டோம். ஆனால் அவர்கள் படித்த ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அந்த வகுப்பில் நாங்கள் தொழிலாளர் இல்லை, அந்நியனின் கருவி. அரசைக் கைப்பற்ற நினைக்கிறவன், அதன் எல்லைக்கோட்டையும் சேர்த்துத்தான் கைப்பற்றுகிறான். இன்று அந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறது. மாறிவிட்டோம் என்கிறார்கள். மாறியிருக்கலாம். நாங்கள் பார்ப்பது ஆளை இல்லை, நாற்காலியை.

நாற்காலிகளின் கதையைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். ஆங்கிலக் கம்பனி இருந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்தது. சோஷலிசம் என்றார்கள். அந்த இடைவெளியில்தான் 73, 74 பஞ்சம், தோட்டத்து ஆட்கள் பட்டினியில் செத்தார்கள், பல தோட்டங்களில் விரட்டப்பட்டார்கள். 1992-இல் 22 பிராந்தியக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. தனியார்மயம் என்றார்கள். மூன்று முதலாளிகள், ஒரே பங்களா, ஒரே பெரட்டுக்களம். துரை இங்கிலீசில் ஏசியது போய்ச் சிங்களத்தில் ஏசினார் என்பதுதான் நாங்கள் கண்ட தேசிய விடுதலை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 'அரசு தோட்டத்துக்குள்ள வரல, அதுதான் பிரச்சினை' என்று என்.ஜீ.ஓ. கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். பிரதேச சபைச் சட்டம் 2018-இல் திருத்தப்படும் வரை சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழி இல்லை, ரோட்டுக்குக் கூட. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹனையில் லயத்தின் மேல் மலை சரிந்தபோது உள்ளே இருந்தவர்கள் மண்ணோடு போனார்கள். அந்தச் சரிவில் லயத்தைக் கட்டியவனையும் கேட்கவில்லை, இருக்க விட்டவனையும் கேட்கவில்லை. உண்மைதான், அரசு வரவில்லை. ஆனால் அது வராமல் இருந்தது மறதியால் என்றா நினைக்கிறீர்கள்? தன் வேலையைத் துரைக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. வீடு, தண்ணி, பிள்ளைக்காம்பரா, பிறப்புப் பதிவு, பிணம் புதைக்க இடம் எல்லாம் அத்தியட்சகர் கையில். பொலிஸ் மட்டும் எந்தக் காலத்திலும் வராமல் இருந்ததில்லை.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 1950-இல் நீதிமன்றம் 'உன் நோக்கம் என்ன' என்று கேட்டது. 1979-இன் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்புச் சட்டத்தின் கீழ் நீதவான் முன்னால் நிற்கிற ஆளிடம் அந்தக் கேள்வியே கிடையாது. அரசு எழுதித் தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்கா? இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் இறங்கு. நூற்றைம்பது வருஷம் இருந்தேன், என் தாத்தா நட்ட பலாமரம், என் தங்கச்சியைப் புதைத்த இடம் என்பதெல்லாம் அங்கே வாதமே இல்லை. தோட்டக் காணி அரச காணி. கம்பனிகளின் 53 வருஷக் குத்தகை 2045-இல் முடிகிறது. எங்களுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். அந்த நாளில் கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி அரசு, கம்பனி, இரண்டு தொழிற்சங்கத் தலைவர்கள். 1964 மேசை ஞாபகம் வருதா?

'அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க, ஐ.சி.யக் கிழிச்சுப் போடவா?' இல்லை. ஐ.சி.யும் எடுப்போம், வாக்கும் போடுவோம், சம்பள நிர்ணய சபை கூட்டித் தந்தால் அதையும் எண்ணி வாங்குவோம். அது நம்ம வியர்வையிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கு. 2021-இல் ஆயிரம் ரூபா, 2024-இல் 1,350 என்று வர்த்தமானி சொன்னது தானாக விழுந்த கனி இல்லை. 2018 ஒக்டோபர் 24-ஐ ஞாபகப்படுத்துகிறோம். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்த மலையகப் பையன்களும் பிள்ளைகளும் கறுப்பு உடுத்திக்கொண்டு காலிமுகத்திடலுக்கு வந்தார்கள். ஃபேஸ்புக்கில் கூடிய கூட்டம். மேடை இல்லை, மாலை இல்லை, கட்சிக் கொடி இல்லை. (அரசின்மைவாதிகளின் கொடி கறுப்பு என்பது அன்று அங்கே வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! தெரிய வேண்டியதும் இல்லை.) அதே திடலில் 2022-இல் நாடே கூடியதற்கு மூன்றரை வருஷம் முன்னால், தலைவர் இல்லாமல் கூடலாம் என்று காட்டியது நம்ம ஆட்கள். பிறகு என்ன? பேச்சுவார்த்தை மேசைக்குத் தலைவர்கள் போனார்கள், 2019 ஜனவரியில் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களும் அடுத்த நாள் கடை திறக்கப் போய்விட்டார்கள். எங்கள் குறை அதுதான். கூடத் தெரிந்தது, கூடியே இருக்கத் தெரியவில்லை. உருளவள்ளிக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது.

கூடியே இருப்பதற்கான பழக்கம் எங்களிடம் இல்லாமலும் இல்லை. குரோபொட்கின் என்ற ரஷ்யர் 1902-இல் பரஸ்பர உதவி பற்றிப் புத்தகமாக எழுதியது எங்கள் லயத்தில் மரண உதவிச் சங்கமாக இருக்கிறது. சாவு விழுந்தால் யார் சொல்லியும் இல்லாமல் ஒருத்தர் விறகுக்கு, ஒருத்தர் டவுனுக்கு, ஒருத்தர் குழிக்கு. அம்மாமாரின் சீட்டு. மாசிக் காமன் கூத்துக்கு வீட்டு வீடாக அரிசி சேர்ப்பது. ஒரு அக்கா சுகமில்லாமல் கொழுந்து குறைந்த நாளில் நாலு பேர் ஆளுக்கு ஒரு கிலோ அவள் கூடையில் போட்டு அரைப்பேர் விழாமல் காப்பது. இதை எந்த வர்த்தமானியும் அறிவிக்கவில்லை.

ரொம்பவும் பூசி மெழுகவும் முடியாது. அதே மரண உதவிச் சங்கத்தில் யார் பாடையை யார் தூக்குவது என்பதில் சாதி இருக்கிறது. சங்கத்துக்குச் சந்தா கட்டுவது பெரும்பாலும் பெண்கள், 'தலைவர்' எப்போதும் ஆண். அரசு இல்லாத இடத்திலும் ராஜாக்கள் முளைப்பார்கள். அரசை மட்டும் திட்டிவிட்டு இதை விடுகிறவனை நாங்கள் நம்ப மாட்டோம். கம்பஸிலும் பார்க்கிறோமே. பகல் முழுக்க அரச அடக்குமுறைக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தும் சீனியர் அண்ணாமார், ராத்திரி ஹொஸ்டலில் ஜூனியரை முழங்காலில் நிற்க வைக்கிறார்கள். அந்த முழங்காலில் நின்றவர்கள் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்களிலும் இருக்கிறார்கள்.

'அரசு இல்லாட்டி சண்டியன்தான் ஆளுவான்' என்பது எங்களுக்கு வந்த இன்னொரு பதில். 2013 ஜூலையில் தெரணியகல நூரித் தோட்டத்து அத்தியட்சகர் வெட்டிக் கொல்லப்பட்டதை உதாரணம் காட்டினார்கள். நல்ல உதாரணம்தான். அந்தக் கொலைக்காகப் பிறகு மரண தண்டனை பெற்றவர்களில் முக்கியமானவர் யார்? அப்போதைய பிரதேச சபைத் தலைவர். வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள், ஆளுங்கட்சிக்காரர். சண்டியனையும் அரசையும் இரண்டு எதிர்ப்பக்கமாக வைத்துப் பேசுகிறவர்கள் தெரணியகலைக்கு ஒருமுறை போய்வரலாம்.

இன்னும் சிலர், 'இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, தமிழருக்கு ஒட்டாது' என்பார்கள். அவர்களுக்கு ஒரு பெயர்: எம்.பி.டி. ஆச்சார்யா. 1887-இல் சென்னையில் பிறந்தவர், பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு வேலை செய்தவர், பொலிஸுக்குத் தப்பி ஐரோப்பா போனவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது உடன் இருந்தார். அங்கேயும் மேலிடம் ஒன்று உருவாவதைக் கண்டு சண்டை போட்டு விலகி, கடைசி வரை அரசின்மைவாதியாக எழுதி, 1954-இல் பம்பாயில் வறுமையில் செத்தார். நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு இடமில்லை. எந்த அரசும் அவரைத் தன் ஆள் என்று சொல்ல முடியாததால் இருக்கலாம்.

2045-க்குத் திரும்புவோம். அந்த மேசைக்கு நாங்களும் ஒரு நாற்காலி கேட்டுப் போராட வேண்டும் என்று எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. ஒத்துக்கொண்டது ஒன்றில். கடந்த லீவில் இரண்டு டிவிஷனில் காம்பரா காம்பராவாகப் போய் எழுதத் தொடங்கியிருக்கிறோம். யார் இருக்கிறார்கள், எத்தனையாவது தலைமுறை, எந்தத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள், கோடிப்பக்கத்து மரக்கறித் தோட்டத்தை யார் கொத்தியது, பலாவை யார் நட்டது, யாரை எங்கே புதைத்தது. துரையிடம் கேட்காமல், தலைவரிடம் சொல்லாமல். பாட்டிமார் சொல்லச் சொல்ல எழுதுகிறோம். பாதி நேரம் அவர்கள் எங்களைத்தான் விசாரிக்கிறார்கள்.

ஒரு தங்கை கேட்டாள்: "நாமளே பட்டியல் போட்டா அரசு செய்ற வேலையத்தானே நாமளும் செய்றோம்? 83-ல வாக்காளர் பட்டியலக் கையில வச்சிக்கிட்டுத்தானே வீடு தேடி வந்தாங்க?" சரியான பயம். ஆகவே பிரதி எடுப்பதில்லை, கணினியில் ஏற்றுவதில்லை, எந்த என்.ஜீ.ஓ.வுக்கும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு டிவிஷன் கொப்பியும் அந்த டிவிஷன் பெண்களிடம்தான் இருக்கும். என்ன எழுதலாம், எதை அடிக்கலாம் என்பதும் அவர்கள் முடிவு. உங்கள் தோட்டத்திலும் தொடங்க நினைத்தால் எங்களிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் போதும். எங்கள் கொப்பிகள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று இங்கே எழுதப்போவதில்லை.